கசானேயில் ஒரு காலைப்பொழுது: ஆற்றில் கழிப்பதா, காட்டில் கழிப்பதா?

போட்சுவானாவின் வடகிழக்கு மூலையில், சோபே ஆற்றின் தென்கரையில் இருக்கும் கசானே என்ற சிற்றூருக்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் அங்கே இரண்டு இரவுகளுக்கு மேல் தங்குவதில்லை. விக்டோரியா அருவியைப் பார்க்க வந்தவர்கள், அங்கிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள சோபே தேசியப் பூங்காவையும் எட்டிப் பார்த்துவிடலாம் என்று வருவதே வழக்கம். ஆகவே அவர்கள் கையில் இருப்பது ஒரு காலை, ஒரு மாலை. மிஞ்சிப்போனால் இரண்டு காலை. விடுதிக்காரர்களும் ‘காலையில் ஜீப், மாலையில் படகு’ என்று அவர்களாகவே எழுதித் தந்துவிடுகிறார்கள். அந்த ஏற்பாட்டில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அது எல்லா மாதத்துக்கும் எல்லா வகைப் பயணிகளுக்கும் பொருந்தும் ஏற்பாடு அன்று என்பதும், விடியற்காலைப் படகு என்ற இன்னொரு வழி இருப்பதையே பலர் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை என்பதும் இரண்டு முறை அங்கே போய் வந்த பிறகு எனக்குத் தெளிவாயின.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன் அந்த ஆற்றை அறிந்துகொள்ள வேண்டும். அங்கோலாவின் மேட்டுநிலத்தில் குவாண்டோ என்ற பெயரில் பிறந்து, வழியில் லின்யாண்டி என்று பெயர் மாறி, பின்பு சோபேயாகி, போட்சுவானா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய நான்கு நாடுகளின் எல்லைகளும் நெருங்கி வரும் கசுங்குலாவில் அது ஜாம்பெசி ஆற்றில் கலக்கிறது. வடகரையில் நமீபியாவின் புல் நிறைந்த வெள்ளச் சமவெளி. தென்கரையில், ஏறத்தாழ 11,700 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள, 1968ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட சோபே தேசியப் பூங்கா. 2022ஆம் ஆண்டு ஐந்து நாடுகள் சேர்ந்து வானிலிருந்து நடத்திய கணக்கெடுப்பில், சோபேயையும் உள்ளடக்கி அந்த ஐந்து நாடுகளும் பகிர்ந்துகொள்ளும் கவாங்கோ–ஜாம்பெசி எல்லை கடந்த காப்புப் பரப்பில் ஏறத்தாழ 2,28,000 யானைகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அவற்றுள் ஏறத்தாழ 1,32,000 யானைகள் போட்சுவானாவுக்குள் இருந்தன. மழை ஓய்ந்து, காட்டுக்குள் இருக்கும் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றத் தொடங்கியதும் யானைகள் வேறு வழியின்றி இந்த ஆற்றங்கரைக்கு இறங்கி வருகின்றன. எந்த நேரத்தில் படகேறுவது என்ற கேள்விக்கான விடையில் பாதி இந்த ஓர் உண்மையிலேயே அடங்கியிருக்கிறது.

ஏனென்றால் யானைகள் விடியலில் ஆற்றுக்கு வருவது குறைவு. இரவிலும் காலையிலும் உள்காட்டில் மேய்ந்துவிட்டு, வெயில் ஏறிய பின் தாகத்தோடு அவை கரையை நோக்கி நடக்கத் தொடங்குகின்றன. வறண்ட மாதங்களில் பிற்பகல் இரண்டு மூன்று மணி முதல் அந்தி வரை கூட்டம் கூட்டமாகச் சரிவில் இறங்குவதைக் காணலாம். மாலைப் படகுகள் பொதுவாக மூன்று மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்குத் திரும்புவதற்கு அந்திச் சிவப்பு மட்டும் காரணம் இல்லை; யானையின் நேரமும் அதுதான். நான் மாலைப் படகில் இருந்தபோது, பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் பிறந்து சில வாரங்களே ஆன குட்டி ஒன்று தண்ணீர் குடிக்க முயன்றதைப் பார்த்தேன். தும்பிக்கையால் உறிஞ்சி வாயில் விடும் வித்தை அந்த வயதில் கைவராது. அது முன்னங்கால்களை மடக்கி, முகத்தையே தண்ணீருக்குள் அமிழ்த்தி, வாயால் நேரடியாகக் குடித்தது. தும்பிக்கை என்ன செய்வதென்று தெரியாத துணிப்பட்டை போல ஒரு பக்கம் மிதந்துகொண்டிருந்தது. தாய் அதன் பின்னால் ஒரு காலைத் தடுப்புபோல வைத்து நின்றது. யானைதான் வேண்டும், ஒரே ஒரு சவாரிதான் முடியும், மாதமும் ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் என்றால், மேற்கொண்டு எதையும் ஒப்பிட வேண்டியதில்லை. மாலைப் படகையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் விடியற்காலைப் படகில் என்ன இருக்கிறது? ஆற்றுக்கே உரிய உயிர்கள் இருக்கின்றன. நீர்யானை அவற்றில் முதலாவது. பகல் முழுவதும் தண்ணீரில் கிடக்கும் நீர்யானை, இருட்டிய பின் கரையேறி, ஓர் இரவில் நாற்பது கிலோ வரை புல் மேய்ந்துவிட்டு, விடியும் வேளையில் மறுபடியும் ஆற்றுக்குத் திரும்புகிறது. மாலைப் படகில் போகிறவர் பெரும்பாலும் காண்பது இரண்டு காதுகள், இரண்டு கண்கள், இரண்டு மூக்குத்துளைகள், அவ்வளவுதான். விடியலில் போகிறவரோ அதன் முழு உடலையும், அந்தக் குட்டைக் கால்கள் சுமக்கும் பீப்பாய் வயிற்றையும், தினமும் நடந்து நடந்து சேற்றில் வாய்க்கால் போலத் தேய்ந்துவிட்ட அதன் வழித்தடத்தையும் காணலாம். ஆண் ஒன்று தண்ணீரில் இறங்குவதற்கு முன் கரையோரப் புதரருகே திரும்பி நின்று, குட்டை வாலைத் துடுப்புபோல வேகமாக ஆட்டிச் சாணத்தை நாற்புறமும் தெளித்து, இது தன் இடம் என்று அறிவித்ததை நான் முழுதாகப் பார்த்தேன். மாலை மூன்று மணிக்கு அந்தக் காட்சி கிடைப்பது அரிது.

இரண்டாவது பறவைகள். சோபேயில் 450க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன; அவற்றில் நீரைச் சார்ந்தவை சுறுசுறுப்பாக இருப்பது காலையில்தான். மீன் கழுகு தலையைப் பின்னால் சாய்த்துக் கத்தும் குரல் ஆற்றின் மேல் வெகுதூரம் கேட்கும். ஒன்று கத்த அதன் இணை பதில் சொல்லும். பாம்புத்தாரா இறக்கையை விரித்துப் பட்டமரத்தில் காயவைக்கும். கருவெள்ளை மீன்கொத்தி நின்ற இடத்திலேயே சிறகடித்து, அலையற்ற நீரை உற்றுப் பார்த்துச் செங்குத்தாக விழும். நம் வேடந்தாங்கலில் காணும் நத்தைகுத்தி நாரையின் ஆப்பிரிக்கப் பங்காளி, கறுத்த உடலோடு ஆழமற்ற ஓரங்களில் நத்தை தேடி நடக்கும். இவை எல்லாவற்றையும்விட நான் மதிப்பது, கீழலகு மேலலகைவிட நீண்டிருக்கும் ஆப்பிரிக்க நீர்கிழிப்பான் பறவையை. வாயைத் திறந்தபடி தண்ணீரை ஒட்டிப் பறந்து, நீண்ட கீழலகால் நீர்ப்பரப்பைக் கோடு கிழித்துக்கொண்டே போய், மீன் தட்டுப்பட்டதும் சட்டென்று அலகை மூடிக்கொள்ளும் இந்தப் பறவைக்குக் காற்றில்லாத, கண்ணாடி போன்ற நீர் வேண்டும். அந்த நீர் விடியலிலும் அந்தியிலும்தான் கிடைக்கிறது. அந்தியில் ஆற்றில் பத்துப் படகுகளின் அலைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருக்கும். விடியலில் உங்கள் படகு ஒன்றே இருக்கலாம். என் இரண்டாவது பயணத்தில் முதல் ஒரு மணி நேரம் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஜீப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிங்கம், சிறுத்தை, காட்டுநாய் ஆகியவற்றைப் பார்க்கும் வாய்ப்பு படகைவிட ஜீப்பில் பன்மடங்கு அதிகம். அதிலும் காலை ஜீப்பில் மிக அதிகம். பூங்காவின் வாயில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலை 6 மணிக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை 5.30 மணிக்கும் திறக்கிறது. இரவில் பூங்காவுக்குள் வண்டி ஓட்ட அனுமதி இல்லை என்பதால், முதல் வண்டியில் நுழைபவருக்கு மணல் பாதையில் இரவெல்லாம் நடந்த விலங்குகளின் கால்தடங்கள் அழியாமல் கிடைக்கும். நல்ல கைடு வண்டியை நிறுத்தி, தடத்தின் விளிம்பு உதிர்ந்திருக்கிறதா, அதன்மேல் பனித்துளி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, சிங்கம் எப்போது கடந்தது, எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடுவார். வெயில் ஏறிவிட்டால் பூனை இனங்கள் புதருக்குள் படுத்துவிடும். தடங்களின் மேல் சக்கரங்கள் ஏறிவிடும். ஆகவே சிங்கத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் மனம் ஆறாது என்பவர்கள், ஒரே காலைதான் இருக்கிறது என்றால், அதை ஜீப்புக்கே கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு சிங்கம் கிடைத்துவிட்டால் கைடுகளின் வயர்லெஸ் கருவிகளில் செய்தி பரவி ஏழெட்டு வண்டிகள் அதைச் சூழ்ந்துகொள்வதையும், முன்னால் நிற்கும் வண்டியில் இருப்பவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் காத்திருக்க நேர்வதையும் எதிர்பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும்.

இனி மாதக் கணக்கு. என் பார்வையில் இந்த முடிவைத் தீர்மானிப்பது ஆசையைவிட மாதமே. ஜூன், ஜூலை மாதங்கள் அங்கே குளிர்காலம். சூரியன் உதிப்பதே ஆறே முக்காலை ஒட்டித்தான். வெப்பநிலை பத்துப் பாகைக்கும் கீழே இறங்குவது சாதாரணம். ஆற்றின் மேல் ஓடும் படகில் எதிர்க்காற்று வேறு சேர்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் ஆற்றிலிருந்து ஆவிபோல மூடுபனி எழும். பார்க்க அழகுதான். ஆனால் அதே காரணத்தால் முதலைகள் தண்ணீரைவிட்டு வெளியே வருவதில்லை. வெளிவெப்பத்தை நம்பி வாழும் அந்த உயிர் ஒன்பது மணிக்கு மேல் வெயில் உறைத்த பிறகுதான் மணல்திட்டில் ஏறி, வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். நீர்யானைகளும் குளிர்நாட்களில் காலை வெயிலில் கரையிலேயே கூட்டமாகப் படுத்துக் காய்வதுண்டு. எனவே ஜூன், ஜூலையில் இருள் பிரியுமுன் படகேறியே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. எட்டு மணிக்குக் கிளம்பினாலும் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள். விடியல் வேளையை ஜீப்புக்குக் கொடுக்கலாம். திறந்த ஜீப்பிலும் அதே குளிர்தான் என்பதால் கையுறை, குல்லாய், கனமான மேலாடை எதிலும் தப்பிக்க முடியாது.

செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் நிலை நேர்மாறு. பகல் வெப்பம் நாற்பது பாகையை நெருங்கும். ஐந்தே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். ஒன்பதரைக்குள் எல்லா விலங்கும் நிழல் தேடிவிடும். அப்போது விடியற்காலைப் படகு ஓர் அரிய இன்பம். கூரையுள்ள படகில் ஆற்றுக் காற்று முகத்தில் படுவதற்கே அந்தச் சவாரியை எடுக்கலாம். நீர் மிகவும் தாழ்ந்து, மணல்திட்டுகள் வெளியே தெரியும் காலமும் அதுதான். நீர்கிழிப்பான்கள் அந்தத் திட்டுகளில் வெறும் குழியில் முட்டையிடுகின்றன என்பதால், படகு எழுப்பும் அலை ஏறி முட்டைகளை நனைத்துவிடாமல் மெதுவாகக் கடக்கும்படி கைடிடம் சொல்வது நம் கடமை. ஆகஸ்ட் இறுதியிலிருந்து வந்து சேரும் செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் செங்குத்தான மண்கரையில் துளையிட்டுக் கூடு கட்டுவதையும் இந்தக் காலத்தில் பார்க்கலாம்.

நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். உள்காட்டுக் குட்டைகள் நிறைந்துவிடுவதால் யானைகள் ஆற்றைவிட்டுக் கலைந்து போய்விடும்; மாலைப் படகின் பெருமை பாதியாகக் குறைந்துவிடும். இடிமழையும் பெரும்பாலும் பிற்பகலில் திரண்டு மாலையில் கொட்டுவது வழக்கம். வலசைப் பறவைகள் வந்து, உள்ளூர்ப் பறவைகளும் இனப்பெருக்கக் கால வண்ணத்தோடு இருக்கும் இந்த மாதங்களில், ‘மாலையில் படகு’ என்ற வழக்கமான அறிவுரையை அப்படியே பின்பற்றுவது தவறு. காலைப் படகே சரியானது என்று எந்தத் தயக்கமும் இன்றிச் சொல்வேன். மழை நின்ற ஏப்ரல், மே மாதங்களில் ஜாம்பெசியின் பெருவெள்ளம் சோபேயைப் பின்னுக்குத் தள்ளி, சில நேரம் ஆற்றோட்டமே திசை மாறுவதுண்டு. சமவெளி முழுதும் நீர் பரவி, விலங்குகள் தொலைவில் சிதறியிருக்கும் அந்த நாட்களில் காலைக்கும் மாலைக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். பூங்காவின் கரை வடக்கு நோக்கிய கரை. தென்கோளத்தில் குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால், நம் ஊரில் டிசம்பர் வெயில் தெற்கிலிருந்து விழுவதைப் போல, அங்கே ஜூன் ஜூலை வெயில் வடக்கிலிருந்து நேராகக் கரைமேல் விழுகிறது. கசானேயிலிருந்து படகு மேற்கு நோக்கிச் செல்லும். ஆதலால் காலையில் சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருந்து கரையில் நிற்கும் விலங்கின் கண்ணில் ஒளி சேர்க்கும். மாலையில் போகும்போது வெளிச்சம் எதிரே இருந்து கண்ணைக் கூசச்செய்யும். யானை எழுப்பும் புழுதி பொன்னாக மாறுவதும், விலங்கு கறுப்பு உருவமாகத் தெரிவதும் அப்போதுதான். பறவையின் இறகு நிறம் வேண்டுபவர் காலையையும், அந்திப் பின்னணியில் யானை வேண்டுபவர் மாலையையும் தேர்ந்துகொள்ளலாம்.

விக்டோரியா அருவியிலிருந்தோ, அதன் ஜாம்பியப் பக்கத்து ஊரான லிவிங்ஸ்டனிலிருந்தோ ஒரு நாள் பயணமாக வருபவர்கள் ஒன்றை நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்குத் தரப்படும் திட்டத்தில் ‘காலைப் படகு, மதிய உணவு, பிற்பகல் ஜீப்’ என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஏழு ஏழரைக்கு விடுதியில் ஏற்றிக்கொண்டு, எல்லையில் முத்திரை வாங்கி, படகுத்துறைக்கு வரும்போது ஒன்பதரை ஆகிவிடும். என் முதல் பயணத்தில் திட்டத்தாளில் இருந்த ‘காலை’ என்ற சொல்லை நம்பி நான் ஏமாந்தது இப்படித்தான். நீர்யானைகள் தண்ணீருக்குள் போய்விட்டன; யானைகள் இன்னும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த வெற்று நேரத்தில், ஐம்பது பேரோடு ஓர் இரண்டடுக்குப் படகில் மூன்று மணி நேரம் சுற்றிவந்தேன். அன்றும் ஆறு அழகாகவே இருந்தது. ஆனால் அதை விடியற்காலைப் படகு என்று யாரும் சொல்லக் கூடாது. ஒரு நாள் பயணிகளுக்கு முடிந்தால் காலையில் ஜீப்பையும் பிற்பகலில் படகையும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதே நல்லது. விடியலை ஆற்றில் பார்க்க வேண்டுமென்றால் கசானேயில் ஓர் இரவாவது தங்கியே ஆக வேண்டும்.

படகின் அளவும் நேரத்துக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. எட்டுப் பத்துப் பேர் அமரும் தட்டையடிப் படகு ஆழமற்ற ஓடைகளுக்குள்ளும் நுழையும். எஞ்சினை நிறுத்திவிட்டு மிதந்தபடி கரையை நெருங்கும். பெரிய படகு ஆற்றின் நடுவழியை விட்டு அதிகம் விலகாது. ஆனால் பெரிய படகில் கழிப்பறை இருக்கும். சிறிய படகுகளில் பெரும்பாலும் இராது. வயதானவர்களோடு வருபவர்கள் இதை வெட்கப்படாமல் முன்கூட்டியே கேட்க வேண்டும். முழங்கால், முதுகு வலி உள்ளவர்களுக்கு ஆழமான மணல் பாதையில் குலுங்கும் ஜீப்பைவிடப் படகு எத்தனையோ மேல். என்னோடு வந்த எழுபது வயது உறவினர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் மறுநாள் படகுதான் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். பூங்காவுக்குள்ளேயே ஆற்றங்கரையில் அமைந்துள்ள சோபே கேம் லாட்ஜ், மின்சாரத்தில் இயங்கும் படகுகளைப் பயன்படுத்துகிறது. விடியலில் எஞ்சின் ஒலி இல்லாமல் போவதன் அருமையைப் பறவைக்குரல் கேட்பவர்கள் அறிவார்கள். செலவு கூடுதல்தான்.

இன்னொரு வழியும் உண்டு: நமீபியப் பக்கத்தில் நிற்கும் படகுவீடுகளில் இரவு தங்குவது. கண் விழிக்கும்போதே ஆற்றின் மேல் இருக்கலாம். ஆனால் கசானேயில் போட்சுவானாவை விட்டு வெளியேறும் முத்திரையும், எதிர்க்கரையில் நமீபியாவுக்குள் நுழையும் முத்திரையும் பெற வேண்டும். அதற்கேற்ற விசாவும் வேண்டும் என்பதால் இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஆற்றின் நடுவே யானைகளும் காட்டெருமைகளும் நீந்திச் சென்று மேயும் செடுடு தீவுக்கு இரு நாடுகளும் உரிமை கோரி, 1999 டிசம்பரில் பன்னாட்டு நீதிமன்றம் அது போட்சுவானாவுக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. தீவின் இருபுற ஓடைகளிலும் இரு நாட்டுப் படகுகளும் தடையின்றிச் செல்லலாம் என்று அதே தீர்ப்பு சொன்னதால்தான், இன்று எந்தப் பக்கப் படகில் ஏறினாலும் அந்தத் தீவைச் சுற்றிவர முடிகிறது.

ஜாம்பெசியில், விக்டோரியா அருவிக்கு முந்தைய நீர்ப்பகுதியில் ஓடும் அந்திப் படகுகளை இதற்கு ஈடாக எண்ணி, அதைப் பார்த்தாயிற்று இது எதற்கு என்று விட்டுவிட வேண்டாம். அங்கே அகன்ற ஆறும் தீவுகளும் நீர்யானைகளும் உண்டு. விலங்குகளின் நெருக்கம் சோபேக்குப் பக்கத்தில்கூட வராது.

இரண்டு காலை கிடைத்து, செப்டம்பர் இறுதியில் போகிறவருக்கு நான் சொல்லும் வரிசை இது. வந்து சேர்ந்த அன்று பிற்பகலே மாலைப் படகு. யானையைக் காண வேண்டும் என்ற தவிப்பு அதோடு அடங்கிவிடும். மறுநாள் வாயில் திறக்கும்போதே ஜீப். மூன்றாம் நாள், ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன், சிறிய படகில் விடியல். முன்பதிவு செய்யும்போது ‘காலைப் படகு’ என்று எழுதிவிட்டு நிறுத்தாமல், துறையிலிருந்து படகு நகரும் மணி என்ன, மொத்தம் எத்தனை இருக்கைகள், கழிப்பறை உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கசானே மலேரியா உள்ள பகுதி. கொசு கடிப்பது அந்தியிலிருந்து விடியல் வரை என்பதால், இருள் பிரியுமுன் துறைக்குப் போகிறவர்கள் முழுக்கை உடுத்தி, மருத்துவர் சொன்ன மாத்திரையையும் தவறாமல் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.